தையில் வாங்கிய கன்று ஆவணி வரை பிழைக்க வேண்டுமே!

மழை ஓய்ந்து, பொங்கல் முடிந்து, நாற்றுப் பண்ணைகளில் கூட்டம் களைகட்டும் நேரம் இது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்திலிருந்து இந்த முறை வந்திருக்கும் கடிதங்களில் ஒரே சங்கதிதான். யார் என்ன கன்று வாங்கினார்கள், எங்கே நடப் போகிறார்கள், வசந்தத்துக்குள் தோட்டத்தை எப்படி மாற்றப் போகிறார்கள் என்று பட்டியல் பட்டியலாக எழுதியிருக்கிறார்கள்.

ஆர்வம் நல்லதுதான். ஆனால், ‘வசந்தம்’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. குளிர் நாடுகளில் பனி விலகி மண் இளகும் மாதங்கள் அவை. அங்கே செடி நட அதுதான் ஏற்ற காலம். நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கத்திரி வெயில் அதற்குள்தான் வருகிறது. கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தையில் வாங்கி மாசியில் நட்ட மரக்கன்று, வேர் பிடிக்கும் முன்பே அடுத்தடுத்து நான்கு மாத வெயிலைத் தாங்க வேண்டும். பண்ணையில் பச்சைப்பசேல் என்று நின்ற கன்று ஆனியில் குச்சியாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் இந்த இதழின் பதில்கள் எல்லாமே ஒரு கேள்வியைச் சுற்றித்தான்: எதை இப்போது மண்ணில் வைப்பது, எதைப் பையிலேயே வைத்துக் காப்பாற்றுவது?

“தைப்பூசத்துக்கு வடலூர் போய்த் திரும்பும்போது ஒட்டுப் பலா இரண்டு, ஒட்டு மா மூன்று வாங்கி வந்தோம். மா ஒன்றில் இப்போதே பூ வந்திருக்கிறது. எங்கள் மனை களிமண். உடனே நடலாமா?”
*— சிதம்பரம் அருகிலிருந்து ஒரு வாசகி*

கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்து, வாரம் இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்ற ஆளும் இருந்தால் மாவை இப்போதே நடலாம். அந்த வசதி உறுதியில்லை என்றால் பொறுப்பதே மேல். ஐந்து கன்றுகளையும் ஒரு சுற்றுப் பெரிய பைக்கு மாற்றி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, ஆடிப்பெருக்கை ஒட்டி நடலாம். ஆவணி தாண்ட விட வேண்டாம். ஐப்பசி அடைமழைக்கு முன் கன்று வேர் பிடித்திருக்க வேண்டும்.

பை மாற்றும்போது அடிப்பக்கத்தை அவசியம் பார்க்க வேண்டும். நீண்ட நாள் பையிலேயே இருந்த கன்றின் ஆணிவேர் அடியில் வளையம் போலச் சுருண்டிருக்கும். அதை அப்படியே நட்டால் மரம் பெரிதானாலும் வேர் நேராக இறங்காமல் கழுத்தைச் சுற்றியே தடிக்கும். பத்து வருடம் கழித்து ஒரு பெருங்காற்றில் மரம் மொத்தமாகச் சாயும்போதுதான் குற்றம் தெரியவரும். சுருண்ட நுனியைக் கூரிய கத்தியால் நறுக்கிவிடலாம்; மெல்லிய வேர்களை விரலால் பிரித்துவிடலாம். பலாவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அதன் ஆணிவேர் அடிபட்டால் எளிதில் தேறாது. பையின் மண் உடையாமல் மெதுவாக இறக்க வேண்டும். பலாவின் வேர் மோசமாகச் சுருண்டிருந்தால், அறுத்துச் சரிசெய்வதைவிடக் கன்றைப் பண்ணையிலேயே மாற்றிக் கேட்பது நல்லது.

காத்திருக்கும் மாதங்கள் வீணல்ல. பங்குனியிலேயே மூன்றடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து ஆறப்போட்டால், வெயில் பட்டு மண் பொலபொலவென்று ஆகும்; மண்ணில் இருக்கும் பூச்சிகளும் குறையும். நடும் நேரத்தில் மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரமும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடலாம்.

சிதம்பரம் களிமண்ணில் பலாவுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி தேங்கும் தண்ணீர். மழைக்காலத்தில் அடியில் நீர் நின்றால் சில நாட்களிலேயே மரம் வாடிவிடும். பண்ருட்டிச் செம்மண்ணில் அது செழித்து நிற்பதற்கு, தண்ணீர் வடிந்துவிடும் அந்த மண்ணே முக்கியக் காரணம். எனவே குழியை மண்ணால் நிரப்பிய பின், அதற்கு மேல் ஒன்றரை இரண்டு அடிக்கு மேடு போட்டு, அந்த மேட்டில்தான் பலாவை நட வேண்டும். மேடு போட இடமில்லை, மனையே தாழ்வு என்றால் பலாவை மேட்டு நிலம் உள்ள உறவினருக்குக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மாவில் வந்திருக்கும் பூவைக் கிள்ளிவிட வேண்டும். மனசு வராதுதான். ஆனால், முதல் மூன்று வருடம் வரும் பூங்கொத்துகளை எல்லாம் நீக்கினால்தான் கன்றின் சத்து வேருக்கும் கிளைக்கும் போகும். காயோடு நிற்கும் ஒட்டுக்கன்றைப் பார்த்து ஆசைப்பட்டுக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

“தானே புயலில் போன முந்திரித் தோப்பில் பாதியை இன்னும் நிரப்பவில்லை. போன வருடம் நட்ட ஒட்டுக்கன்றுகள் சிலவற்றில் அடியிலிருந்து ஒரு தளிர் வெகு வேகமாக வளர்கிறது. மேலே உள்ளது மந்தமாக இருக்கிறது. நல்லதாக வளர்வதை விட்டுவிடலாமா?”
*— குறிஞ்சிப்பாடி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி*

விடக் கூடாது. அந்தத் தளிரைத்தான் முதலில் அறுக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30 அதிகாலை கரையேறிய தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரி, பலாத் தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துப் போட்டது. அதற்குப் பிறகு ஒட்டுக்கன்றுக்கு இங்கே கிராக்கி கூடியது. கொட்டை போட்டு முளைத்த கன்று எப்படிக் காய்க்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காய்ப்புக்கு வரவும் நாளாகும். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கிவிடும்; தாய் மரத்தின் குணமும் மாறாது.

முந்திரியில் இளந்தண்டு ஒட்டு என்பது இரண்டு செடிகளின் கூட்டு. கீழே இருப்பது கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி. ஒன்றரை இரண்டு மாத வயதில் அதன் தலையை வெட்டி, நடுவே பிளந்து, நன்றாகக் காய்க்கும் தாய் மரத்தின் குச்சியை ஆப்பு போலச் சீவிச் செருகிக் கட்டுகிறார்கள். காய்க்க வேண்டியது அந்த மேல் குச்சி. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது வேர்ச்செடியின் சொந்தத் தளிர். அதுதான் நேரடியாக வேரிலிருந்து சத்தை இழுக்கிறது. அதனால்தான் வேகமாக வளர்கிறது. அதை விட்டுவைத்தால் இரண்டு வருடத்தில் மேல் குச்சி காய்ந்துவிடும். காசு கொடுத்து வாங்கியது வி.ஆர்.ஐ-3 என்றாலும், தோப்பில் நிற்பது பெயர் தெரியாத கொட்டை மரமாக இருக்கும். மூன்று நான்கு வருடம் தண்ணீரும் உரமும் போட்ட பிறகுதான் ஏமாந்தது தெரியும்.

செய்ய வேண்டியது எளிது. ஒட்டுப் போட்ட இடத்தில் தண்டில் ஒரு புடைப்பு இருக்கும். அதற்குக் கீழே வரும் தளிரை எல்லாம் கையாலேயே கிள்ளலாம். முற்றியிருந்தால் தண்டை ஒட்டிக் கத்தியால் அறுக்கலாம். முதல் இரண்டு வருடம் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். ஒட்டுப் பகுதியில் பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால் இப்போதே அவிழ்க்க வேண்டும். தண்டு தடிக்கும்போது நாடா இறுகிக் கழுத்தை நெரிக்கும். மேல் குச்சி மந்தமாக இருப்பதற்கே அது காரணமாக இருக்கலாம். நடும்போது ஒட்டுப் புடைப்பு மண்ணுக்கு மேலேயே இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். புதைந்திருந்தால் மண்ணை விலக்கிவிட வேண்டும். மூங்கில் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டினால், காற்றில் ஒட்டு முறியாது.

மேல் குச்சி முழுக்கக் காய்ந்துபோன கன்றுகளைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம். நன்றாக வளர்ந்திருக்கும் வேர்ச்செடித் தளிரில் அந்த இடத்திலேயே மறுபடி ஒட்டுக் கட்ட முடியும். கை தேர்ந்தவர்கள் பண்ருட்டிப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

“வண்டியில் கொண்டுவந்து விற்றவரிடம் நான்கு ரோஜா, இரண்டு செம்பருத்தி வாங்கினேன். ரோஜாவில் கை அகலப் பூ இருந்தது. பத்தே நாளில் இலை கொட்டுகிறது. மாடித் தோட்டத்தில் மற்ற செடிகளிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது.”
*— கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி*

இரண்டு விஷயங்கள் இங்கே சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, ரோஜா. வெளி மாநிலத்திலிருந்து வரும் பல செடிகள் இறுகிய செம்மண் உருண்டையோடு வருகின்றன. பயணத்தில் மண் உதிராமல் இருக்க அது உதவும். ஆனால், தொட்டியில் தளர்வான மண்கலவைக்கு நடுவே அந்த உருண்டையை அப்படியே வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள கலவை வழியாக ஓடிவிடும், உருண்டைக்குள் ஏறாது. மேலே ஈரம், உள்ளே காய்ச்சல். செடியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, உருண்டையின் வெளிப்பகுதியை மெதுவாகக் கரைத்துவிட்டு, திரும்ப நட்டால் தேறும். இருக்கும் பூவையும் மொட்டையும் வெட்டிவிட வேண்டும். ஒரு மாதம் மதிய நிழல் வேண்டும். குளிர்ந்த ஓசூர்ப் பக்கம் செழிக்கும் பெரிய பூ ரகங்கள் கடலோரப் புழுக்கத்தில் கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும். அடுத்த முறை வாங்கும்போது எட்வர்ட் ரோஜா, பன்னீர் ரோஜா மாதிரி இங்கே பழகியவற்றைத் தேடலாம். குச்சி நட்டாலே வரும். அக்கம்பக்கத்தில் கேட்டாலே கிடைக்கும்.

இரண்டாவது, அந்த வெள்ளை ஒட்டல். அது மாவுப்பூச்சி, அநேகமாகச் செம்பருத்தியோடு வந்திருக்கும். இதைச் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலில் 2008-ல் கோயம்புத்தூரில்தான் பதிவானது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழகம் முழுக்கப் பரவியது. மருந்து அடித்து அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து வயல்களில் விட்ட பிறகுதான் கட்டுக்குள் வந்தது. ஒரு செடியின் இலைக்கடியில் ஒளிந்து ஊர்விட்டு ஊர் போகும் பூச்சியால் அவ்வளவு தூரம் போக முடியும்.

அதனால் எந்தப் புதுச் செடி வந்தாலும் இரண்டு வாரம் மற்ற செடிகளுக்குப் பக்கத்தில் விடாமல் தனியே வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இலையின் அடிப்பக்கம், கணு, தண்டு மண்ணைத் தொடும் இடம் மூன்றையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். இப்போது வந்துவிட்ட பூச்சிக்கு: அதிகம் தாக்கிய நுனிகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்தலாம். மற்றவற்றைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைத் தூளை ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வாரம் ஒரு முறை, மூன்று முறை. எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல்காரன்.

“கொத்சு வைக்க வீட்டுக் கத்தரிக்காய் வேண்டும். விதை வாங்கிவிட்டேன். காலம் கடந்துவிட்டதா? கூட வேறு என்ன போடலாம்?”
*— சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர்*

கடக்கவில்லை. மரக்கன்றுக்குத்தான் பொறுமை வேண்டும். காய்கறிக்கு இதுவே பட்டம். கத்தரிக்கு டிசம்பர்-ஜனவரி விதைப்பு ஏற்றது என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இந்த வாரத்துக்குள் குழித்தட்டிலோ பழைய தொட்டியிலோ விதைத்துவிடலாம். 30 முதல் 35 நாளில் நாற்று பிடுங்கி, இரண்டடி இடைவெளியில் நடலாம். தொட்டி என்றால் தொட்டிக்கு ஒன்று போதும்.

கத்தரியில் தளிர் நுனி திடீரென்று தொங்கினால் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அந்த நுனியைப் புழுவோடு கிள்ளி நசுக்கிவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் விட்டால் அதே புழுக் கூட்டம் காய்க்குள் போகும். நாலைந்து செடி இருக்கும் வீட்டில் கண்ணும் கையுமே மருந்து.

கூடவே சுரை, பீர்க்கு, புடல், பாகல் விதைகளையும் இப்போதே ஊன்றலாம். சித்திரையில் பந்தல் நிழலும் கிடைக்கும். ஆவணிக்குக் காத்திருக்கும் கன்றுப் பைகளை அந்த நிழலிலேயே வைத்துக்கொள்ளலாம். வெண்டை மாசியில். கீரை எப்போதும், ஆனால் பங்குனிக்குப் பிறகு காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். மல்லிகை கேட்பவர்களுக்கு: புதுச் செடி நட ஆனி முதல் கார்த்திகை வரை நல்ல காலம். ஏற்கெனவே உள்ள குண்டுமல்லியைக் கார்த்திகையில் கவாத்து செய்தவர்கள் பங்குனியில் பூ எடுக்கலாம்.

“கடற்கரை ஊர். கிணற்றுத் தண்ணீர் கோடையில் கரிக்கும். போன வருடம் வைத்த மா, எலுமிச்சை இரண்டும் இலை ஓரம் கருகிச் செத்துவிட்டன. இந்த வருடமும் கன்று வாங்கலாமா?”
*— பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்*

கன்று வாங்கும் முன் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கடலூரில் உள்ள மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் கொடுத்துப் பார்க்கலாம். சித்திரை வாக்கில் எடுத்த தண்ணீராக இருந்தால் உண்மை நிலை தெரியும். மழை முடிந்ததும் எடுத்தால் நல்ல முகத்தைத்தான் காட்டும். உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி, நீரின் மின்கடத்து திறன் 0.7-க்குள் இருந்தால் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது.

மாவும் எலுமிச்சையும் உப்பைத் தாங்காதவை. இலை ஓரம் கருகியது நோயல்ல, உப்பு. அதே இடத்தில் மறுபடி அதையே நடுவது கன்றுக்கும் காசுக்கும் கேடு. தென்னை, சப்போட்டா, இலந்தை, கொடுக்காப்புளி போன்றவை ஓரளவு தாங்கும். இவற்றையும் மழையோடு நட்டால், முதல் சில மாதம் நல்ல தண்ணீரில் வேர் பிடித்துவிடும். கரிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றுவதைவிட, இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். அடியில் வைக்கோலோ தென்னை மட்டையோ மூடாக்குப் போட்டால், வெயிலில் உப்பு மேலேறிப் பூப்பதும் குறையும்.

“மியாசாகி மாங்கன்று என்று பெரிய விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? சொன்ன ரகம்தான் என்று எப்படி நம்புவது?”
*— பண்ருட்டியிலிருந்து ஒரு வாசகர்*

மியாசாகி என்பது ஜப்பானில் ஒரு மாகாணத்தின் பெயர். அங்கே விளைவிப்பது, அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தோன்றிய ‘இர்வின்’ என்ற மா ரகம். கண்ணாடிக் கூடத்தில் வளர்த்து, ஒவ்வொரு பழத்தையும் வலையில் தாங்கி, தானாக உதிரும்வரை காத்திருந்து எடுக்கிறார்கள். எடை 350 கிராமுக்கும், இனிப்பு அளவு 15-க்கும் குறையாத பழத்துக்குத்தான் அந்த உயர்ந்த வணிகப் பெயர். விலை அந்த வளர்ப்புக்கும் தரம் பிரிப்புக்கும் கிடைப்பது. கன்றை மட்டும் இங்கே கொண்டுவந்தால் அந்த விலை கூடவே வராது. ஆசைக்கு ஒன்று வைக்கலாம். கடன் வாங்கித் தோப்பு வைக்கக் கூடாது.

பண்ருட்டிக்காரர் ரகம் தேடித் தூரம் போக வேண்டியதும் இல்லை. பக்கத்துப் பணிக்கன்குப்பத்து மரத்திலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர்-1 பலா. வழக்கமான பருவம் போக, அக்டோபர்-டிசம்பரிலும் காய்க்கும். கொட்டை போட்ட பலா எட்டாம் ஆண்டில் காய்ப்புக்கு வந்தால், ஒட்டுப் பலா ஐந்தாம் ஆண்டில் வரும்.

நம்பிக்கைக்கு ஒரே ஆதாரம் ரசீது. நாற்றுப் பண்ணை உரிமம் பெற்றதா என்று பார்த்து, ரகத்தின் பெயர், எண்ணிக்கை, தேதி மூன்றையும் எழுதி ரசீது வாங்க வேண்டும். மரம் பொய் சொன்னது ஐந்து வருடம் கழித்துத் தெரியும்போது, கையில் இருக்கப் போவது அந்தக் காகிதம்தான். ரசீது தர மறுக்கும் இடத்தில் தோப்புக்கான கன்று வாங்காமல் இருப்பது நல்லது.

இந்தப் பதினைந்து நாளில்

* வாங்கிய கன்றுகளை நிழலில் தனியே வைத்து, பூச்சி இருக்கிறதா என்று பார்க்கவும்.
* ஒட்டுக்குக் கீழே வந்த தளிர்களைக் கிள்ளி, நாடாவை அவிழ்க்கவும்.
* கத்தரி, மிளகாய், கொடிக் காய்கறி விதைகளைப் போட்டு முடிக்கவும்.
* ஆவணியில் நட வேண்டிய மரங்களுக்கு இடம் அளந்து முளைக்குச்சி அடிக்கவும். பலாவுக்கு 25 அடிக்குக் குறையாமல் இடைவெளி விடவும்.

கேள்வி அனுப்புகிறவர்கள் கன்றின் பெயரோடு, மண்ணின் நிறம், மழைக்காலத்தில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும், கோடையில் கிணறு எப்படி இருக்கும் என்பதையும் எழுதினால் பதில் பொருத்தமாக இருக்கும்.